வடக்கே வராத வைத்தியம்

சென்னை மாநகருக்கு இந்தியாவின் வைத்தியத் தலைநகர் என்று ஒரு பட்டம் உண்டு. அப்பட்டம் பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. டாக்காவிலிருந்தும், மாலத்தீவிலிருந்தும், மஸ்கட்டிலிருந்தும் நோயாளிகள் இந்நகருக்கு வந்த வண்ணம் இருக்கின்றனர். கிரீம்ஸ் சாலையைச் சுற்றியுள்ள சந்துகளில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை தொங்கும் தங்கும் விடுதிகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் நம் வாசகர்களில் பலர் கண்டிருப்பர். டாக்காவிலிருந்து புறப்பட்ட விமானம் சென்னையில் வந்திறங்க மூன்று மணி நேரம் கூடப் பிடிப்பதில்லை.

காட்டுப்பள்ளியிலிருந்து அடையாறு போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இக்கேள்வியை எந்த மேடையிலும் எவரும் கேட்டு நாம் அறியோம். பஜ்ரு தொழுகை முடித்து வீட்டை விட்டிறங்கும் ஒரு பெண், கிடைத்த வண்டியைப் பிடித்து மீஞ்சூர் வந்து, கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் நெருக்கியடித்து நகருக்குள் நுழைந்து, அங்கிருந்து பறக்கும் ரயிலுக்கோ பேருந்துக்கோ மாறி, 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இத்தொலைவைக் கடந்து மருத்துவமனையின் வரிசையில் போய் நிற்க வேண்டும். எண்ணூர் வழியாகப் பேருந்தில் போகலாமே என்பார் உளர். சரக்குப் பெட்டகம் ஏற்றிய லாரிகள் மைல் கணக்கில் நிற்கும் அச்சாலையில் ஒருமுறை போய் வந்தவர் அவ்வாறு சொல்லார். அவள் உடலின் மீது கதிர் படும் நேரம் சில நிமிடங்கள். வீடு திரும்புகையில் மஃரிபு கழிந்திருக்கும். ஒரு நாள் என்றால் சகித்துக் கொள்ளலாம். வாரத்துக்கு ஐந்து நாட்களாக ஐந்து வாரம், ஆறு வாரம், சில நோய்க்கு ஏழு வாரம் இப்படியே போய் வர வேண்டும். இரண்டாவது வாரத்திலிருந்தே உடல் தளரும். மூன்றாவது வாரத்தில் சோறு இறங்காது. அந்த நிலையில்தான் அவள் ரயிலில் நின்று கொண்டு வருகிறாள்.

இதைத்தான் நாம் வழக்காகத் தொடுக்கிறோம். வழக்கின் ஒரு பிரதிவாதி சர்க்கார். மற்றொரு பிரதிவாதி யாரென்பதைப் பின்னால் சொல்வோம். வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

காட்டுப்பள்ளி எங்கே இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமும் சூழ்ந்த மணல் திட்டு அது. இன்னும் வடக்கே சென்றால் பழவேற்காடு; நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாகக் கடல் வாணிபம் செய்து வாழ்ந்த பட்டினம். இந்தக் கரைக்கு நகரம் அனுப்பி வைத்த சீர்வரிசையைப் பாருங்கள். 1970இல் எண்ணூரில் அனல்மின் நிலையம் வந்தது. அது 2017இல் மூடப்பட்டது என்றாலும், அதற்கு முன்பே 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2012 முதல் வல்லூர் நிலையமும் வந்து சேர்ந்து விட்டன. 2001இல் முதன்மையாக நிலக்கரி இறக்குவதற்கென ஒரு பெருந்துறைமுகம் திறக்கப்பட்டது. 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை காட்டுப்பள்ளியிலேயே அமைந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் அங்கிருந்து நகரத்தின் தாகம் தீர்க்கப் புறப்பட்டது. பிறகு கப்பல் கட்டும் தளம். அதனோடு இன்னொரு துறைமுகம். தெற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலைகளும் முன்னரே இருந்தன. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் படர்ந்ததும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் புகுந்து படகுகளையும் வலைகளையும் கருமையாக்கியதும், அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்து மக்கள் அமோனியா நெடி தாளாமல் தெருவில் ஓடியதும் பத்திரிகைகளில் வந்த செய்திகள். சாம்பல் கொண்டு செல்லும் குழாய்கள் உடைந்து கொசஸ்தலையில் சாம்பல் படிந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

நகரத்துக்கு மின்சாரம் வேண்டும், சரக்கு வேண்டும், தண்ணீர் வேண்டும். அவை உண்டாகும் இடம் மட்டும் கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்க வேண்டும். நல்லது. அப்படியாயின், நகரம் தனக்கென்று உண்டாக்கிக் கொண்ட வைத்தியம் எந்தத் திசையில் இருக்கிறது? புற்றுநோய்க்குப் பெயர் பெற்ற இடங்களை வாசகர்களே விரல் விட்டு எண்ணிப் பார்க்கட்டும்: அடையாறு, தரமணி, தேனாம்பேட்டை, ராயப்பேட்டை, போரூர், பெரும்பாக்கம். சர்க்காரின் பொது மருத்துவமனை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. வடசென்னையின் ஏழைகளுக்கு ஸ்டான்லி இருக்கிறது. பஞ்ச காலத்துக் கஞ்சித்தொட்டியிலிருந்து வளர்ந்த அந்த ஆஸ்பத்திரியின் பெருமையைக் குறைத்துப் பேசும் எண்ணம் நமக்கு இல்லை. ஆனால் நகரத்தின் புதிய கருவிகள் வந்திறங்கும்போதெல்லாம் அவை தெற்கும் மேற்கும் போவதேன்? புதிய புகைபோக்கி எழும்போதெல்லாம் அது வடக்கே எழுவதேன்?

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லி விட வேண்டும். அடையாறு புற்றுநோய் நிலையத்தை நாம் குறை கூறுவதாக எவரும் எண்ணிவிடலாகாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டினார். 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18இல் 12 படுக்கைகளோடு அந்நிலையம் திறக்கப்பட்டது. இந்நோய் வந்தோர் எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள், இதற்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்ற பேச்சு அதிகார பீடங்களிலேயே அன்று இருந்ததை டாக்டர் சாந்தா அம்மையார் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021 ஜனவரியில் கண்மூடும் வரை அந்த வளாகத்தையே வீடாகக் கொண்ட டாக்டர் சாந்தாவும், அந்தப் பேச்சைப் பொய்யாக்கினார்கள். 1957இலேயே கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி அங்கே நிறுவப்பட்டது. வசதியற்றோர் பெரும் எண்ணிக்கையில் அங்கே இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெற்று வந்திருக்கின்றனர். முதலமைச்சர் அண்ணா நியூயார்க் வரை சென்று அறுவைச் சிகிச்சை பெற்றுத் திரும்பி, 1969 பிப்ரவரி 3இல் உயிர் நீத்ததும் அந்த நிலையத்தில்தான். முதலமைச்சருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் ஒரே வாசல் என்ற நிலையை ஒரு தர்ம ஸ்தாபனம் இந்நாட்டில் உண்டாக்கியது என்பது சாதாரணமன்று.

நாம் கேட்பது வேறு. 12 படுக்கையோடு ஒரு பெண்மணி தொடங்கியதை, 70 ஆண்டுகள் கழித்து, இத்தனை வரியும் இத்தனை துறைமுகமும் உடைய சர்க்கார் ஏன் வடக்கே ஒரு முறை செய்து காட்டவில்லை?

2019 ஜனவரியில் தரமணியில் புரோட்டான் கதிர் சிகிச்சை மையம் ஒன்று தனியார் துறையில் திறக்கப்பட்டது. தெற்காசியாவில் அதுவே முதலாவது. புரோட்டான் கற்றை உடலுக்குள் குறித்த ஆழம் வரை சென்று, தன் வலிமையின் பெரும்பகுதியை அங்கே இறக்கிவிட்டு நின்று விடும். அதற்கப்பாலுள்ள நல்ல திசுக்களைத் தொடாது. கண்ணுக்குப் பின்னாலும் மூளையின் அடியிலும் முதுகுத்தண்டின் ஓரத்திலும் வளரும் கட்டிகளுக்கும், சிறு குழந்தைகளுக்கும் இது பெரும் அருட்கொடை. அறிவியலின் இந்த வெற்றியை இகழ்வது பேதைமை. எனினும் அதற்கான செலவு பல லட்சங்கள் என்பதையும், இந்நாட்டில் புற்றுநோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வேண்டியது புரோட்டான் அன்று, சாதாரணக் கதிர்வீச்சும், நேரத்தில் செய்யும் அறுவையும், முறை தவறாத மருந்துமே என்பதையும் யார் சொல்வது? நவீன மையம் என்று விளம்பரத் தட்டி வைத்தவுடன் நவீனம் வந்துவிட்டதாக நாம் நம்பி விடுகிறோம். தட்டி நிற்கும் இடத்துக்கு வர இயலாதவளுக்கு அது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய காலமே.

நாம் கண்ட ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். நகரத்தின் ஒரு மருத்துவமனை நடையில், நம் குடும்பத்து மூதாட்டி ஒருவருக்காகக் காத்திருந்தபோது, அருகே ஒரு தாயும் மகனும் அமர்ந்திருந்தனர். பழவேற்காட்டுப் பக்கத்து மக்கள். மகன் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலி. தாய்க்கு மார்பில் கட்டி. பதினான்கு மாதங்களுக்கு முன்பே கையில் தட்டுப்பட்டதாம். "மக நிக்காஹ் முடியட்டும்னு இருந்தேன் தம்பி" என்றார் அந்த அம்மையார், ஏதோ சிறிய குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்பவர் போல. சிகிச்சை எப்படி இருக்கிறது என்று கேட்டோம். "மருந்து வலிக்கல. பஸ்ஸுதான் வலிக்குது" என்றார். மகன் தலை குனிந்து கொண்டான். ஒவ்வொரு நாளும் அவன் கூலி போகிறது. இனி நாள் தவறினால் வேலையும் போகும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தாராம். மூன்று வாரம் கழித்து நாம் மீண்டும் சென்றபோது அவர்களைக் காணவில்லை. விசாரித்ததில், நான்காவது வாரத்தோடு நின்று விட்டதாகத் தெரிந்தது.

நின்று விட்டால் என்ன என்று கேட்பார் உளரோ? மருத்துவ நூலோர் இதனை அளந்து பார்த்திருக்கின்றனர். கருப்பைவாய்ப் புற்றிலும், தலை கழுத்துப் புற்றிலும், கதிர்வீச்சின் மொத்தக் காலம் குறித்ததற்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளுக்கும், நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் வீதம் குறைகிறது. இடையில் விட்ட நாட்களில் தப்பிய அணுக்கள் மீண்டும் பெருகிக் கொள்வதே காரணம். ஆகவே பேருந்து வராத நாளும், ரயில் தாமதமான நாளும், கூலி கிடைக்காமல் வண்டிச் சத்தம் இல்லாத நாளும் வெறும் சிரமங்கள் அல்ல. தூரமும் இங்கே நோயின் ஒரு பகுதி.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று சர்க்கார் தரப்பில் பதில் வரும். இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைக்குச் செலுத்தும் அத்திட்டத்தால் பிழைத்தவர் ஆயிரக்கணக்கானோர். மறுப்பது நன்றி கொன்ற செயல். ஆனால் அந்தப் பணம் கருவிக்குப் போகிறது, மருந்துக்குப் போகிறது, படுக்கைக்குப் போகிறது. ரயில் சீட்டுக்குப் போவதில்லை. துணைக்கு வரும் மகனின் கூலிக்குப் போவதில்லை. ஆறு வாரம் நகரத்தில் தங்க ஒரு பாயும் சோறும் தேடுகிறவளுக்கு அத்திட்டத்தில் ஒரு வரி இல்லை. செல்வந்தனைக் கொல்வது நோய். ஏழையைக் கொல்வது நோய்க்கும் மருந்துக்கும் இடையிலுள்ள சாலை.

அடுத்த பதிலும் நமக்குத் தெரியும். கதிர்வீச்சுக் கருவியைக் கண்ட இடத்தில் வைக்க முடியுமா, ஒன்றரை மீட்டருக்கு மேல் கனமான காங்கிரீட் சுவர் வேண்டும், கதிரியல் பௌதிக நிபுணர் வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும், கோடிக்கணக்கில் செலவாகும் என்பர். எல்லாம் உண்மை. காட்டுப்பள்ளி மணலில் கொண்டு வந்து வையுங்கள் என்று நாம் கேட்கவில்லை. திருவொற்றியூரில் வைக்கலாம்; மணலியில் வைக்கலாம்; பொன்னேரியில் வைக்கலாம். கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைதாங்கிச் சுவர் எழுப்பியவர்களுக்கு, நிலத்தின் மேல் ஓர் அறைக்குச் சுவர் எழுப்பத் தெரியாதா? தெரியும். மனம்தான் வரவில்லை.

கதிர்வீச்சுக் கருவி வரும் வரை கையைக் கட்டிக் கொண்டிருக்கவும் தேவையில்லை. மார்பகப் புற்றுக்கு ஐந்து வாரம் கொடுத்து வந்த கதிர்வீச்சை மூன்று வாரத்தில், 15 தவணைகளில் கொடுத்தாலும் பலன் குறைவதில்லை என்பது பிரிட்டனில் பத்தாண்டுக் காலம் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2013இல் உறுதி செய்யப்பட்டது. 2020இல் தக்க நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் ஐந்து தவணை போதும் என்ற அளவுக்கு அந்த ஆராய்ச்சி முன்னேறியது. நகரத்துப் பணக்காரிக்கு இது சௌகரியம். காட்டுப்பள்ளிக்காரிக்கு இதுவே சிகிச்சையை முடிப்பதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வேறுபாடு. ஆகவே நம் பெண்டிரை அழைத்துச் செல்கிறவர்கள் கூச்சப்படாமல் மருத்துவரிடம், குறைந்த தவணை இந்நோய்க்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டும். கேட்பது அவமரியாதை ஆகாது.

மருந்து ஏற்றும் சிகிச்சைக்கோ இவ்வளவு தளவாடம் கூட வேண்டியதில்லை. பெரிய மருத்துவமனையில் நிபுணர் வகுத்துக் கொடுத்த மருந்தை, பயிற்சி பெற்ற தாதியர் ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரியில் பகல் நேரத்தில் ஏற்றி மாலையில் வீட்டுக்கு அனுப்பி விடலாம். மருந்தைக் கலப்பதற்குக் காப்பான பெட்டியும், பத்துப் படுக்கையும், ஒவ்வாமை கண்டால் கவனிக்க ஒரு மருத்துவரும் இருந்தால் போதும். மத்திய சர்க்கார் 2025 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில், மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் இத்தகைய பகல்நேர மையங்களை அமைப்பதாகவும், முதல் ஆண்டில் 200 அமைப்பதாகவும் அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் காட்டுப்பள்ளி சென்னை மாநகராட்சியைச் சேர்ந்ததன்று. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். 2011இல் திருவொற்றியூரையும் கத்திவாக்கத்தையும் மணலியையும் மாநகராட்சி தன்னோடு சேர்த்துக் கொண்டது. முகத்துவாரத்துக்கு அப்பால் அது வரவில்லை. மாவட்டத் தலைநகரமான திருவள்ளூரோ காட்டுப்பள்ளிக்குச் சென்னையினும் தொலைவு. மாவட்டத்துக்கொன்று என்று கணக்கு எழுதுகிறவர்கள் திருவள்ளூரில் ஒரு மையத்தைத் திறந்து, கணக்கை முடித்து விடுவர். பொன்னேரி அரசு மருத்துவமனையில் அது வர வேண்டும் என்று கேட்பதற்கு இப்பொழுதே வாய் திறக்க வேண்டும்.

இவ்விடத்தில் இன்னொரு பேச்சைத் தீர்த்து விடுவோம். எண்ணூர்ப் பக்கத்து மக்கள் எல்லோரும், இந்நோய்க்குச் சாம்பலும் புகையுமே காரணம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மாசுற்ற வெளிக்காற்று மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும், குறிப்பாக நுரையீரலில், என்று 2013இல் ஐயத்துக்கிடமின்றி அறிவித்தது. ஆகவே மக்களின் அச்சம் மூடநம்பிக்கை அன்று. ஆயினும் ஒரு தெருவில் இத்தனை பேருக்கு நோய் என்பதை வைத்து ஒரு ஆலையின் தலையில் குற்றம் சுமத்தினால், ஆலையின் வக்கீல் ஒரு நிமிடத்தில் அதை உதறி விடுவார். கணக்கு வேண்டும். அடையாறு நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்தே சென்னை நகரின் புற்றுநோயாளர் பதிவேட்டைப் பேணி வருகிறது. நகர எல்லைக்கு வெளியே இருந்தவர்கள் நெடுங்காலம் அக்கணக்கில் வரவில்லை. 2012 முதல் தமிழகம் முழுவதற்குமான பதிவேடு நடைபெறுகிறது. காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, எண்ணூர், பழவேற்காடு என்று ஊர்வாரியாகப் பிரித்து, எந்த நோய், எத்தனை பேர், எந்த வயதில் என்பதை மக்கள் அவையில் வைக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. துறைமுகத்தை இன்னும் பெருக்குவதற்குத் திட்டம் தீட்டுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். ஆண்டுக்கொருமுறை பந்தல் போட்டு, ரத்த அழுத்தம் பார்த்து, மூக்குக் கண்ணாடி கொடுத்து, புகைப்படம் எடுத்துக் கொண்டு போகும் இலவச முகாம்கள் இதற்கு ஈடாகா.

இனி, இரண்டாவது பிரதிவாதியைக் கூண்டில் ஏற்றுவோம். அது நாமேதான்.

அந்த அம்மையார் பதினான்கு மாதம் கட்டியை மறைத்து வைத்திருந்தாரே, அதற்கு எந்தச் சர்க்கார் பொறுப்பு? நம் வீடுகளில் இந்நோயின் பெயரையே யாரும் வாயால் சொல்வதில்லை. "அந்த வியாதி" என்கிறோம். சம்பந்தம் பேச வருகிறவர்கள் காதில் விழுந்து விடுமே என்று தாயின் நோயை மகளிடமும், லாத்தாவின் நோயைத் தங்கையிடமும் மறைக்கிறோம். பெண் டாக்டர் இல்லை என்று மாதங்களைக் கடத்துகிறோம். ஆபத்துக் காலத்தில், பெண் மருத்துவர் கிடைக்காவிடில், வேண்டிய அளவுக்கு ஆண் மருத்துவர் பார்க்க மார்க்கம் தடை சொல்லவில்லை என்பதை நம் உலமாக்கள் எத்தனை குத்பாவில் எடுத்துரைத்திருக்கின்றனர்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே ருஃபைதா என்ற அம்மையார் மதீனாவில் காயம்பட்டோருக்கு வைத்தியம் செய்தார் என்று பெருமையோடு எழுதுகிறோம். நம் மஹல்லாவின் பெண்ணொருத்தி தாதிப் படிப்புக்குப் போனால் முகம் சுளிக்கிறோம். பெண் டாக்டர் வானத்திலிருந்தா வருவார்?

எல்லாம் நசீபு என்று சொல்லி விடுவது நமக்கு எளிதாக இருக்கிறது. ஹயாத்து இறைவன் கையில் என்பதில் ஐயமில்லை. அதே நசீபை நம்பும் நாம், கடையில் திருட்டுப் போனால் போலீசுக்கு ஓடுகிறோம். கடன் திரும்பாவிட்டால் வக்கீலிடம் ஓடுகிறோம். மனைவியின் உடம்பில் கட்டி வந்தால் மட்டும் தவக்குல் வந்து விடுகிறது. குர்துபா நகரின் அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, மார்பு போன்ற இடத்தில் சிறிதாகத் தோன்றும் புற்றை வேரோடு அகற்றலாம். நாட்பட்டுப் பெருத்ததைத் தொடுவதில் பயனில்லை என்று எழுதி வைத்தார். முற்றிய புற்றைத் தாம் குணப்படுத்தியதும் இல்லை, குணப்படுத்தியவரைக் கண்டதும் இல்லை என்று அப்பெருமகன் ஒளிவு மறைவின்றி ஒப்புக் கொண்டார். இன்றைய மருத்துவம் முற்றியதையும் ஓரளவு எதிர்த்துப் போரிடுகிறது என்பது உண்மையே. ஆனால் முளையிலேயே காண வேண்டும் என்ற அவருடைய சட்டம் மாறவில்லை.

கருப்பைவாய்ப் புற்றைப் பற்றி இன்னும் வெளிப்படையாகவே பேச வேண்டும். பேசினால்தான் நம் பெண்கள் பிழைப்பர். திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையைத் தலைமையிடமாகக் கொண்டு, கிராமத்துப் பெண்களிடம் 2000ஆம் ஆண்டு தொடங்கி ஒரு சோதனை நடந்தது. பெரிய கருவி ஏதுமில்லை. பயிற்சி பெற்ற தாதி ஒருத்தி, நீர்த்த வினிகர் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்ப்பாள். வெண்மையாகத் தெரிந்தால் மேல் சோதனை. ஒரே முறை இவ்வாறு பார்த்ததனால் அந்நோயால் இறந்தோர் எண்ணிக்கை 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் முடிவு வெளியாயிற்று. இவ்வளவு மலிவான உயிர்காப்பு, தமிழ்நாட்டுப் பெண்களின் உடம்பிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம், நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்நோய்க்குக் காரணமான கிருமிக்குத் தடுப்பூசி வந்து விட்டது. பதினான்கு வயதுப் பெண் குழந்தைகளுக்கு அதைப் போடத் தமிழக சர்க்கார் 2025 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில் நிதி ஒதுக்கியது. ஊசி பள்ளிக்கூடத்துக்கு வரும்போது, யாரோ கைபேசியில் அனுப்பிய வதந்தியைக் கேட்டு, நம் பிள்ளை மட்டும் வேண்டாம் என்று கையெழுத்திட மறுக்கும் வாப்பாமார்கள் தயவு செய்து ஒரு டாக்டரைக் கேட்டு விட்டு மறுக்கட்டும்.

வெற்றிலைத் தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலிமா விருந்தில் பிரியாணிக்குப் பின் அது வராவிட்டால் விருந்தே விருந்தன்று என்கிறோம். புகையிலை மட்டுமன்று, பாக்கே புற்றுண்டாக்கும் என்று மேற்சொன்ன அமைப்பு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்து விட்டது. பாட்டியார் வாயில் ஆறாத வெண்படலத்தைச் சுண்ணாம்பு பொத்ததாகச் சொல்லிச் சமாளிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. (இதை எழுதுகிற நாமும் தட்டைத் திருப்பி அனுப்பக் கற்றது நாற்பது வயதுக்கு மேல்தான்.)

பணத்தின் பேச்சுக்கு வருவோம். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில், கி.பி. 1284இல், சுல்தான் கலாவூன் கெய்ரோவில் ஒரு மருத்துவமனை கட்டினார். ஆண்டி முதல் அரசன் வரை எவரும் கட்டணமின்றி வைத்தியம் பெற வக்ஃபு எழுதி வைத்தார். நோய் தீர்ந்து வெளியேறும் ஏழைக்குக் கையில் பணமும் கொடுத்தனுப்பினர். உடம்பு தேறும் முன்பே அவன் கூலிக்கு ஓடக் கூடாதென்று. நம் வக்ஃபுகளின் வாடகைக் கடைகளையும், பள்ளிவாசல்களின் புதிய மினாராக்களையும், ஒரு நிக்காஹ் மண்டபத்தின் பளிங்குத் தரையையும் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு வெட்கம் வர வேண்டும். பள்ளிவாசல் கட்ட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆறு வாரம் நகரத்தில் தங்க இடமின்றிச் சிகிச்சையை விட்டு ஓடும் ஒரு தாய்க்கு, அந்தப் பள்ளிவாசலின் மாடியில் இரண்டு அறை இல்லையே என்கிறோம்.

ஜகாத்தின் எட்டு வகையினரில் முதலிருவர் ஃபக்கீரும் மிஸ்கீனும். துறைமுகத்துக் கூலி ஆறு வாரம் வேலைக்குப் போகாமல் தாயோடு நடந்தால், அவன் அந்த இரண்டில் ஒன்றாகாமல் வேறென்ன ஆவான்? ரமலானில் ஆளுக்கு நூறும் இருநூறுமாகச் சில்லறை மாற்றி வாசலில் பகிர்வதை விட்டு, மஹல்லா தோறும் அத்தொகையில் ஒரு பங்கைப் பைத்துல்மாலில் சேர்த்தால், மீஞ்சூரிலிருந்து வாரத்துக்கு ஐந்து நாள் ஒரு வேன் புறப்படும். ஒரு வேனில் பன்னிரண்டு பேர். அதில் ஏறுகிறவர் பெரும்பாலும் மீனவர்களாக இருப்பர், நம்மவராக இருக்கமாட்டார் என்று தயங்குவோர், ஜகாத் போக மீதமுள்ள சதக்காவை அவ்வண்டிக்குக் கொடுக்கட்டும். சதக்காவுக்கு அந்தத் தடையும் இல்லை. ராயபுரத்திலும் மண்ணடியிலும் லாரி வைத்திருக்கும் நம்மவர் எத்தனை பேர்! பெட்டகம் ஏற்ற வடக்கே தினம் போகிற அவர்களுக்கு அந்தச் சாலை தெரியாததன்று.

இந்த யோசனையைச் சென்ற மாதம் நண்பர்கள் கூடிய ஒரு சபையில் சொன்னோம். நல்ல யோசனை, ஆனால் டிரைவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். அவர் மகளின் நிக்காஹ் அடுத்த வாரம். மண்டபத்து விளக்கலங்காரத்துக்கு மட்டும் எவ்வளவு என்று சற்று முன்னர்தான் அவரே பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்தத் தொகையைப் பன்னிரண்டு மாதத்துக்கு வகுத்துக் காட்டினோம். சபையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவர், வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று கேட்டார். காலை ஐந்தரைக்கு என்றோம்.